ஒரு குவாட்டரில் எத்தனை கிராம்? எண்ணூரிலிருந்து ஒரு கணக்கு

செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு அது வேண்டும்.

டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு மில்லி சரக்கில் 42.8 மில்லி சுத்தமான ஆல்கஹால் என்று அர்த்தம். ஒரு குவாட்டர் 180 மில்லி. 180-ஐ 0.428-ஆல் பெருக்கினால் 77 மில்லி வருகிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லிக்கு 0.79 கிராம்தான் எடை. 77-ஐ 0.79-ஆல் பெருக்குங்கள். சுமார் 61 கிராம்.

இந்த 61-ஐ ஞாபகத்தில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டில் மிதமிஞ்சிக் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்போது போடும் கோடு 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ உள்ளே போய், அது மாதத்தில் ஒரு தடவை நடந்தாலே அந்த ஆள் மிகைக் குடி பட்டியலில் வந்துவிடுவார். "நான் குடிகாரன் இல்ல சார், ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு குவாட்டர்" என்று சொல்கிறாரே, அவரும் அதில் இருக்கிறார். நம்ம ஊரில் விற்பனையின் மிகச் சிறிய பாட்டிலே அந்தக் கோட்டைத் தாண்டுகிற அளவில்தான் இருக்கிறது. கட்டிங் போட்டுக்கொள்கிறவர்கள் ஆளுக்கு 30 கிராம். பீர் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம் இருக்கிறது. ஒன்றரை பாட்டில் ஒரு குவாட்டருக்குச் சமம்.

எங்கே அதிகமாகக் குடிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். இரண்டும் வேறு வேறு இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும்.

முதல் விதம், நாட்டில் விற்ற மொத்த ஆல்கஹாலை 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடுவது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2016-ல் மால்டோவா நாட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு 15.2 லிட்டர் சுத்த ஆல்கஹால். பிரான்சில் 12.6. உலக சராசரி 6.4. இந்தியா 5.7 லிட்டர், சராசரிக்கும் கீழே. இதைப் பார்த்தால் நமக்குப் பெரிய பிரச்சினையே இல்லை என்று தோன்றும்.

ஆனால் இங்கே எல்லோரும் குடிப்பதில்லையே. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொல்கிறது. பெண்களில் 0.3 சதவீதம். அதாவது நாலு ஆம்பளையில் மூணு பேர் குடிப்பதில்லை, பெண்களில் கிட்டத்தட்ட யாருமே குடிப்பதில்லை. மொத்தச் சரக்கும் அந்த நாலில் ஒருவரின் வயிற்றுக்குள்தான் போகிறது. இது இரண்டாவது விதக் கணக்கு: குடிக்கிறவர் ஒருவர் எவ்வளவு குடிக்கிறார், எப்படிக் குடிக்கிறார்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு இதையே நாடு முழுக்கப் பார்த்தது. குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவியோ சிகிச்சையோ தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினை. மூன்று பேரில் ஒருவருக்கு மேல். அந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்த எண் வேறு: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போயிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர்.

பிரான்சில் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் என்று ஊரே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அங்கே ஊருக்கே பொதுவாக ஒரு கொள்கை போதும். இங்கே கொஞ்சம் பேர், கடுமையான சரக்கை, வெறும் வயிற்றில், சீக்கிரமாக, போதை ஏறுவதற்காகவே குடிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து சரிப்படாது.

எண்ணூருக்கு வருவோம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சினிமாவில் வடசென்னை என்றாலே கையில் பாட்டிலோடு ஒரு ஆள் நிற்பார். அந்தப் படத்துக்கு எந்த ஆய்வும் ஆதாரம் தருவதில்லை. குடும்பநல ஆய்வு மாவட்டத்தோடு நின்றுவிடும், எண்ணூர், காசிமேடு என்று தெருத் தெருவாகப் போகாது. தமிழ்நாட்டுக் கணக்குப்படி உங்கள் தெருவிலும் பெரும்பாலான ஆண்கள் குடிக்காதவர்கள்தான்.

ஆனால் இன்னொன்று உண்டு. பொது சுகாதார ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்: வசதியானவரும் ஏழையும் ஒரே அளவு குடித்தாலும் ஏழைக்குத்தான் அதிகமாகக் கெடுதல் நடக்கிறது. ஏன் என்று எண்ணூரில் நின்று பார்த்தால் புரியும்.

அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலியாக இருப்பவர் வெயிலில் உடம்பின் நீரெல்லாம் வற்றி வெளியே வருகிறார். அதன் மேல் ஆல்கஹால் போனால் இருக்கிற நீரும் சிறுநீராக வெளியேறும். மறுநாள் அவர் சாரத்தின் மேல் ஏற வேண்டியவர். அண்ணாநகரில் ஏசி அறையில் அதே குவாட்டரைக் குடித்தவர் மறுநாள் நாற்காலியில் உட்காரப் போகிறார். முகத்துவாரக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் விடியற்காலை படகு தள்ளுகிறவருக்குக் கால் இடறினால் கீழே தண்ணீர். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரியோடு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்கு உட்கார இடமில்லை, படுக்க இடமில்லை, பக்கத்தில் கடை மட்டும் இருக்கும். காசநோய் இன்னொன்று. குடிக்கு அடிமையானவருக்கு அது வரும் ஆபத்து மற்றவரைவிட மூன்று மடங்குக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெருக்கமான வீடுகளில் அது ஒருவரோடு நிற்பதும் இல்லை.

வருமானமும் இங்கே சீராக வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலையும் படகும் பாழானது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு. கையில் காசில்லாத வாரமும், ஒரே நாளில் மொத்தமாகக் காசு வரும் வாரமும் மாறி மாறி வருகிற ஊரில், காசு வரும் நாளில் மொத்தமாகக் குடிப்பது எளிது. "உடம்பு வலிக்குத்தான், தூக்கம் வரணும்ல" என்று சொல்வார்கள். படுத்த உடனே தூக்கம் வருவது உண்மைதான். பின்னிரவில் அந்தத் தூக்கம் உடைந்துவிடும் என்பதும் உண்மை. காலையில் அதே வலியோடுதான் எழுந்திருப்பார்.

இப்போது மறுபடியும் கால்குலேட்டர். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹால். 61 கிராமுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, பலருக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். கடை மூடும் 10 மணிக்கு வாங்கி 11 மணிக்கு முடித்தவர், காலை 5 மணிக்கு ஷிஃப்டுக்கு பைக் எடுக்கும்போது அவர் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். "நைட்டு குடிச்சதுதான், காலையில குடிக்கல" என்பதை ஊதும் கருவி கேட்காது. முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும்.

வீட்டுக்கு வரும் பில்

2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு சாதாரண ரக குவாட்டர் 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200. மகளிர் உரிமைத் தொகையாக வீட்டுக்கு வரும் 1,000 ரூபாய் ஏழு குவாட்டரில் தீர்ந்துவிடும். சைடு டிஷ், தண்ணீர் பாக்கெட், பார் செலவு இதில் சேரவில்லை.

பணத்தைவிடப் பெரிய பில் ஒன்று இருக்கிறது. அதே குடும்பநல ஆய்வு அகில இந்திய அளவில் மனைவிகளிடம் கேட்டது. கணவர் குடிப்பதில்லை என்று சொன்ன பெண்களில் 23 சதவீதம் பேர் கணவரிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கணவர் அடிக்கடி போதையில் வருவதாகச் சொன்ன பெண்களில் அது 70 சதவீதம். குடி மட்டுமே காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது, குடிக்காமலே அடிக்கிறவர்களும் அந்த 23-க்குள் இருக்கிறார்கள். ஆனாலும் குடிக்கொள்கை என்று பேசும்போது, குடிக்காத இந்தப் பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வர வேண்டும். பாட்டிலுக்கு அவர்கள் வாடிக்கையாளர் இல்லை, ஆனால் விலை கொடுப்பவர்கள்.

'கடை வைத்திருப்பதும் அரசு, குடிக்காதே என்பதும் அரசா?'

நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் எண்களையே சொல்லிவிடலாம்: 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்த ஆண்டு கடைகள் 4,829.

இந்த இடத்துக்கு நாம் நேர்கோட்டில் வந்துவிடவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிறகு மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தி, 1974-ல் திரும்பக் கொண்டுவந்து, 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள். 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் அதனிடம் வந்தது. அதற்கு முன் தனியார்தான் கடை நடத்தினார்கள். சட்டத்தின் பெயர் இன்றும் மதுவிலக்குச் சட்டம்தான் என்பது வேடிக்கை.

'எல்லாவற்றையும் மூடிவிட்டால்?' என்பவர்களுக்கு பீகார் ஒரு பாடம், ஆனால் ஒரே பக்கம் எழுதிய பாடம் அல்ல. 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு வந்தது. லான்செட் குழும இதழ் ஒன்றில் 2024-ல் வந்த ஆய்வு, அதனால் அடிக்கடி குடிக்கும் ஆண்களில் 24 லட்சம் பேர் குறைந்ததாகவும், 21 லட்சம் பெண்கள் மீதான குடும்ப வன்முறை தவிர்க்கப்பட்டதாகவும் மதிப்பிட்டது. அதே பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயத்துக்கு 70-க்கும் மேற்பட்டோர் பலி. இரண்டும் ஒரே கொள்கையின் விளைவுகள்.

ரஷ்யா வேறு வழியில் போனது. ஓட்காவுக்குக் கட்டாயக் குறைந்தபட்ச விலை, இரவு விற்பனைக்குத் தடை, ஒவ்வொரு பாட்டிலையும் தொழிற்சாலையிலிருந்து கடை வரை கணினியில் பின்தொடரும் முறை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. 2003 முதல் 2016 வரை அங்கே ஆளுக்கான நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் மலிவு விலைச் சரக்கின் விலைக்கு மட்டும் ஒரு அடித்தளம் போட்டார்கள். மது நேரடியாக ஏற்படுத்தும் மரணங்கள் 13 சதவீதம் குறைந்ததாக ஆய்வு வந்தது. இந்த இரண்டு இடத்திலும் கடையை மொத்தமாக மூடவில்லை. கிடைக்கும் நேரமும் விலையும் இடமும்தான் மாறின.

தமிழ்நாட்டிலும் அந்தத் திருகுகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம். 2016-ல் கடை திறக்கும் நேரம் காலை 10-லிருந்து பகல் 12 ஆனது. 2016, 2017, 2023 மூன்று ஆண்டுகளிலும் ஒவ்வொரு தடவை 500 கடைகள் மூடப்பட்டன. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. அதில்தான் ஒரு பாடம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் சாலையோரக் கடைகளைத் தூக்கியபோது அவை குடியிருப்புப் பகுதிகளுக்குள் இடம் தேடின, ஊர் ஊராகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். கடையை ஓர் இடத்தில் எடுப்பது பாதி வேலைதான். அது எங்கே போகிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. மாதிரியாக, 12 மணிக்கு முன்னாலும் விடுமுறை நாட்களிலும் 'பிளாக்'கில் பாட்டில் விற்பவர்களைப் பிடிக்காவிட்டால் நேரக் கட்டுப்பாடு காகிதத்தில்தான் இருக்கும்.

உங்கள் தெருவில் உள்ள கடை பற்றி

2003-ம் ஆண்டு மது சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை அமைக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். ஆனால் நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு இந்தத் தூரக் கணக்கு பொருந்தாது. எண்ணூர்க்காரர்கள் இந்த விதிவிலக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஆலை மதிலும் வீட்டுச் சுவரும் ஒட்டியே இருக்கின்றன. வரைபடத்தில் தொழிற்பகுதியாக இருக்கும் தெருவில் நிஜத்தில் பிள்ளைகள் டியூஷன் போகிறார்கள். என் கருத்தில், கொள்கை வகுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மனு கொடுப்பதாக இருந்தால் வெறும் 'கடையை மூடுங்க' என்று எழுதாதீர்கள். கூகுள் மேப்பில் கடையிலிருந்து பள்ளி வாசல் வரை தூரத்தை அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள் (குடிப்பவர் முகத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது வேறு, அது வேண்டாம்). பள்ளி விடும் நேரம், பெண்கள் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம், கடை முன் கூட்டம் சேரும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். மனு மாவட்ட ஆட்சியருக்கு. கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் எல்லாம் இப்போது சென்னை மாவட்டம், ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு என்றால் திருவள்ளூர் ஆட்சியர். மாற்றிக் கொடுத்தால் உங்கள் மனு பயணம் செய்துகொண்டே இருக்கும். இணையத்தில் கொடுக்க முதல்வரின் முகவரி தளமும், 1100 என்ற எண்ணும் உண்டு. பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் இதைப் பேசலாம், தீர்மானம் போட்ட உடனே கடை போய்விடாது, ஆனால் மனுவோடு அதன் நகலை வைத்தால் எடை கூடும்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது விதிமீறல். பையனை அனுப்பி அப்பா வாங்கிவரச் சொல்வதும் இதில்தான் சேரும்.

கள்ளச்சாராயம்: இங்கே ஒரு தனி எச்சரிக்கை

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எக்கியார்குப்பம் மீனவர் ஊர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். இது ஊறல் போட்டுக் காய்ச்சிய சரக்கு அல்ல, தொழிற்சாலைக் கரைப்பான். 2023-ல் அது சென்னைப் பகுதி ரசாயன ஆலை ஒன்றிலிருந்தே வெளியே போயிருந்தது.

ரசாயன டேங்கர் லாரிகள் தினம் போய்வரும் மணலி, எண்ணூர் சாலையில் வசிப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். மெத்தனாலும் குடிக்கும் ஆல்கஹாலும் பார்வைக்கு ஒன்று, மணமும் ஏறக்குறைய ஒன்று. 'கம்பெனி ஸ்பிரிட், சுத்தமானது' என்று யாராவது கேனில் கொண்டுவந்தால் தொடாதீர்கள். குடித்த உடனே சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்து, வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், பனி மூட்டம் போலத் தெரிவது, மூச்சு வாங்குவது. 'ஹேங்ஓவர்தான், மோர் குடிச்சா சரியாயிடும்' என்று படுக்க வைத்த வீடுகளில்தான் உயிர் போகிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதற்கென்று மாற்று மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு கண்ணும் உயிரும் மிஞ்சும். அவரோடு குடித்த மற்றவர்களையும், அவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கூட்டிப்போங்கள்.

விற்பவரைப் பற்றி மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கு 10581-ல் சொல்லலாம், கட்டணம் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல் சட்டத்தைத் திருத்தி, மரணம் விளைவித்த விற்பனைக்கு ஆயுள் தண்டனையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் ஆக்கியிருக்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் குடிக்கிறார் என்றால்

முதலில், அவசரப்பட்டுச் செய்யக் கூடாதது ஒன்று. தினமும் அதிகமாகக் குடித்தவர் சபதம் போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் சிலருக்கு ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆளே அடையாளம் தெரியாமல், இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு இருப்பார். சாமி வந்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது மருத்துவ அவசரநிலை, உயிர் போகக்கூடியது. நிறுத்த முடிவு செய்தது நல்ல விஷயம்தான், அந்த முதல் ஒரு வாரத்தை மட்டும் டாக்டர் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி என்று அதற்கு நேரான சிகிச்சை இருக்கிறது.

இரண்டாவது, 'அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்' என்று ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் மருந்து விளம்பரம். டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையில் உண்டு. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் எடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய் ஒரு குவாட்டர் போட்டால் உயிருக்கே ஆபத்து. பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாத 'மூலிகைப் பொடி'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அக்கா. பணமும் போகும்.

மூன்றாவது, ஆளை அடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போகும் தனியார் மையங்கள். போதை மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள், மனநல மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார் என்று கேளுங்கள், உள்ளே இருப்பவரை நீங்கள் பார்க்கவும் பேசவும் முடியுமா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்படியென்றால் எங்கே போவது? பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். 'குடிக்கு வந்திருக்கேன்' என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் 'பிரஷர் பார்க்கணும்' என்று போய், டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஒன்றும் தப்பில்லை. அடுத்தது ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவு. எண்ணூரிலோ கத்திவாக்கத்திலோ மின்சார ரயில் ஏறி ராயபுரம் அல்லது வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம், கடற்கரை போகும் வண்டியா சென்ட்ரல் போகும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். 'கீழ்ப்பாக்கம்' என்று எல்லோரும் கிண்டலாகச் சொல்லும் அரசு மனநலக் காப்பகம் 1794 முதல் நடந்துவருவது, அங்கேயும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களும் தொடங்கப்பட்டன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இலவசம், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று தனிக் கூட்டமும் நடக்கிறது.

போவதற்கு முன் அவரிடம் எப்படிப் பேசுவது என்று பல பெண்கள் கேட்பார்கள். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், காதில் ஏறாது, சண்டைதான் வரும். காலையில், குளித்துச் சாப்பிட்ட பிறகு. டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் இருக்கின்றன, அவற்றையே மெதுவாகக் கேட்கலாம்: குறைச்சுக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா? யாராவது குடியைப் பத்திச் சொன்னா எரிச்சல் வருதா? குடிச்சதை நினைச்சு மனசு உறுத்தியிருக்கா? காலையில எழுந்ததும் கை நடுக்கம் நிக்க ஒரு கட்டிங் தேவைப்படுதா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே டாக்டரைப் பார்க்க வேண்டிய கட்டம். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள், நேராகக் கூட்டிப்போங்கள்.

ஒரு தடவை நிறுத்தி மறுபடியும் தொடங்கிவிட்டால் 'இவன் திருந்த மாட்டான்' என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரை நோயாளிக்குத் தீபாவளி அன்று சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறோமா என்ன?

எண்களை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனை டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். மாநில சுகாதார உதவி எண் 104. அடி, உதை என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனே போலீஸ் வேண்டுமென்றால் 112 அல்லது காவல் உதவி செயலியின் சிவப்பு பொத்தான். போனை அவரே எடுத்துப் பார்ப்பார் என்ற பயம் இருந்தால் 181-ஐ 'டெய்லர் கடை' என்ற பெயரில் சேமித்தாலும் அழைப்பு அங்கேதான் போகும்.